கண்ணில்லா மீனுக்கு யார் பேர் வைத்தது?

1

கொளத்தூரில் வாங்கிய ஆறு மீன்களும் செஞ்சிக்கு வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் வழியாக பஸ்ஸில் வந்தேன். தீவனூர் தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, மீனுக்குக் கண்ணக் காணோம்?" என்றார். "அது அப்பிடித்தான் சார், பொறப்பே அப்பிடி" என்றேன். அவர் பையைத் திருப்பிக் கொடுத்த விதத்தில், கடைக்காரன் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டான் என்ற இரக்கம் இருந்தது.

விரல் நீளம்தான் இருக்கும். வெள்ளியில் கொஞ்சம் ரோஜா நிறம் கலந்தமாதிரி உடம்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று தோல் மூடியிருக்கும். குழி, தழும்பு ஒன்றும் கிடையாது. கடையில் தொட்டிமேல் ஸ்கெட்ச் பேனாவில் 'பிளைண்ட் கேவ்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

மூணடித் தொட்டியை வைக்கக் கூடத்தில் இடம் வேண்டும். ஜன்னலோரம் இருந்த மர பெஞ்சை எடுத்து நடைவழிப் பக்கம் தள்ளிப் போட்டேன். அன்று ராத்திரி ஆயா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது அந்த பெஞ்சில் முழங்கால் இடித்து விழுந்தாள். ஆயாவுக்குக் கண் தெரியாது. கண் நீர் அழுத்த நோய். வயசானால் மங்கத்தானே செய்யும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, போன பார்வை திரும்பாது என்றார்கள். அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒன்பது வருடமாக இந்த வீட்டில் அவள் எதிலும் இடித்துக்கொண்டதில்லை.

முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது மோட்டார் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இன்னாடா அது கொளகொளன்னு?" என்றாள்.

"மீன் தொட்டி ஆயா."

"இன்னா மீனு?"

"குருட்டு மீன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "அது பேரா, திட்டா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. "யார்றா அதுக்கு அந்தப் பேர வெச்சது?"

எம்.ஏ. வரலாறு படித்தவன் நான். யார், எப்போது, எதற்காக என்று கேட்டால் தேடாமல் இருக்க முடியாது. இந்தக் கட்டுரை ஆயா கேட்ட கேள்விக்கு நான் தேடிய பதில்.

2

மெக்சிகோவில் சான் லூயிஸ் பொதோசி மாநிலத்தில் ஒரு சுண்ணாம்புப் பாறைக் குகை இருக்கிறது. பெயர் குவேவா சிக்கா. ஸ்பானிய மொழியில் 'சின்னக் குகை' என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் ஓடைக்கு, குன்றுக்குப் பேர் வைப்பதுபோலச் சாதாரணமாக வைத்த பேர். 1936இல் சல்வதோர் கொரொனாடோ என்ற மெக்சிகோக்காரர் அந்தக் குகையின் நீரிலிருந்து கண்ணில்லாத மீன்களைப் பிடித்தார். அவை அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து அலங்கார மீன் வியாபாரி சி. பேசில் ஜோர்டனின் கைக்குப் போயின. குகையில் பிறந்த மீன் கண்ணாடித் தொட்டியிலும் குஞ்சு பொரித்தது. அது போதும், ஒரு மீன் உலகம் சுற்றுவதற்கு.

அதே வருடம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மீனியலாளர் கார்ல் ஹப்ஸும் வில்லியம் இன்னஸும் சேர்ந்து அதற்கு விஞ்ஞானப் பேர் வைத்தார்கள்: அனோப்டிக்திஸ் ஜோர்டனி. முதல் சொல்லுக்குப் பார்வையில்லாத மீன் என்று பொருள். இரண்டாவது சொல் வியாபாரிக்கு மரியாதை. இருட்டுக்குள் இறங்கிப் பிடித்த கொரொனாடோ அந்தப் பேரில் இல்லை, அந்தக் குகையும் இல்லை.

இந்த இன்னஸ் யாரென்றால், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மீன் வளர்ப்போருக்கான மாதப் பத்திரிகை நடத்தியவர். நம் ஊரில் எந்த மீன் கடைக்குப் போனாலும் நியான் டெட்ரா என்று நீலமும் சிவப்புமாக ஒரு குட்டி மீன் மின்னிக்கொண்டிருக்கும் இல்லையா, அதன் விஞ்ஞானப் பேரில் இருக்கிற 'இன்னசி' இவர்தான். அதுவும் 1936இல் வைத்த பேர். ஒரே வருடத்தில் உலகத்தின் கண்ணைப் பறிக்கும் மீனுக்கும் கண்ணே இல்லாத மீனுக்கும் அச்சில் பேர் ஏறியது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது தொட்டி வியாபாரம்தான்.

அன்று கிளம்பிய வம்சம்தான் டல்லாஸிலிருந்து ஊர் ஊராகப் பெருகி, கடைசியில் கொளத்தூர் வழியாக எங்கள் கூடத்துக்கு வந்தது. இன்று கடைகளில் விற்பதில் ஏறக்குறைய எல்லாமே தொட்டியில் பிறந்து தொட்டியில் வளர்ந்தவை. என் மீன்கள் குகையைக் கண்டதேயில்லை. கண்டதில்லை என்று எழுதும்போதே உறுத்துகிறது பாருங்கள், மொழி முழுக்கக் கண்ணாகவே இருக்கிறது.

3

தமிழ்நாட்டில் மீனைக் கண்ணாடிக்குள் விட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கத்துக்கும் ஒரு தேதி உண்டு. 1909இல் சென்னை மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் மீன் காட்சிசாலை என்று அதைச் சொல்வார்கள். கடலுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு கடல் மீனைக் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. 

அதற்குத் திட்டம் போட்டவர் எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பேர் வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ரங்காச்சாரியோடு சேர்ந்து ஏழு தொகுதிகள் போட்டவர். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களையும் ஊர் ஊராகப் போய் ஜனங்களையும் நிறுத்திவைத்து மூக்கின் நீளம் அகலம் அளந்தவர். அந்த ஏழு தொகுதிகள் வெளியானதும் 1909தான்.

ஒரே மனிதரின் ஆர்வம், ஒரே வருடத்தில், மீனைக் கண்ணாடிக்குள்ளும் மனுஷனைத் தொகுதிக்குள்ளும் வைத்தது. தர்ஸ்டனைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எழுதி வைக்காமல் போயிருந்தால் பல விஷயங்கள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் பார்ப்பவன் இந்தப் பக்கம், பார்க்கப்படுவது அந்தப் பக்கம், பேர் எழுதும் பேனா இந்தப் பக்கம் என்கிற ஏற்பாடு இரண்டிலும் ஒன்றுதான். அளந்தவர்களுக்கு மூக்கு நீளமா அகலமா என்பது முக்கியமாகப் பட்டது. அளக்கப்பட்டவருக்கு அந்த மூக்கால் மூச்சு விட முடிகிறதா என்பதுதானே முக்கியம்.

4

மீனுக்கு வைத்த பேர் என்ன ஆனது என்று பார்ப்போம்.

1940இல் நியூயார்க் மீன் காட்சிசாலையின் சார்ல்ஸ் பிரீடர் தன் குழுவோடு குவேவா சிக்காவுக்குப் போனார். உள்ளே அவருக்குக் கிடைத்ததெல்லாம் கண்ணில்லா மீன்களாக இல்லை. முழுக் கண், சின்னக் கண், தோல் பாதி மூடிய கண், கண்ணே இல்லாதது என்று படிப்படியாக இருந்தன. வெளியே ஆற்றில் இருக்கும் சாதாரண மீன் உள்ளே வந்து இவற்றோடு கலந்துகொண்டிருந்தது. 1950களில் பெரிஹான் சதோக்லு என்ற துருக்கிய மரபியலாளர் குகை மீனையும் ஆற்று மீனையும் இணைசேர்த்துக் குஞ்சு எடுத்தார். அந்தக் குஞ்சுகளும் குஞ்சு பொரித்தன. அப்படியானால் இவை இரண்டு இனமே கிடையாது. 'பார்வையில்லா மீன்' என்று தனிப் பேரினம் வைத்தது செல்லாமல் போய்விட்டது. இப்போது ஆற்றில் கண்ணோடு திரிவதற்கும் என் தொட்டியில் கண்ணில்லாமல் திரிவதற்கும் பொதுவாக ஒரே பேர்தான் எழுதுகிறார்கள்: அஸ்தியானாக்ஸ் மெக்சிகானஸ்.

இந்த மீனின் முட்டையைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். கரு வளரத் தொடங்கும்போது அதற்குக் கண் உருவாகவே செய்கிறது. ஒரு நாளைக்குள் கண்ணின் முன்வில்லையில் இருக்கும் செல்கள் சாகத் தொடங்கும். வில்லை போனதும் மற்றதெல்லாம் வளர்ச்சி நின்று உள்ளே அமிழ்ந்து, மேலே தோல் மூடிக்கொள்ளும். 2000இல் வில்லியம் ஜெஃப்ரியும் யோஷியுகி யமமோட்டோவும் ஆற்று மீன் கருவின் வில்லையை எடுத்துக் குகை மீனின் கருவில் ஒரு பக்கம் வைத்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் கண் வளர்ந்தது. 2008இல் ரிச்சர்ட் பொரோவ்ஸ்கி வேறு வேறு குகைகளின் கண்ணில்லா மீன்களை ஒன்றோடொன்று இணைசேர்த்தபோது, பிறந்த குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பார்வை இருந்தது. தாய்க்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை, பிள்ளைக்கு உண்டு. ஒவ்வொரு குகையும் தனித்தனி வழியில் கண்ணைக் கைவிட்டிருக்கிறது. ஒன்றில் தொலைந்தது மற்றொன்றில் மிச்சமிருந்தது.

ஏன் கைவிட்டது? டார்வின் 1859இல் குகை உயிர்களின் கண் போனதற்குப் பயன்படுத்தாமையே காரணம் என்று எழுதினார். இருட்டில் பயனில்லாத கண் இருந்தாலும் கெடுதல் ஒன்றும் இல்லை என்பது அவர் கணக்கு. இன்றைக்குக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. கண்ணும் அதைக் கவனிக்கும் மூளைப் பகுதியும் ரொம்பச் செலவு வைக்கும் உறுப்புகள். 2015இல் வந்த ஒரு ஆய்வின்படி இந்த மீன் இனத்தில் பார்வைக்கு ஆகும் செலவு, சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் மொத்த சக்தியில், பெரிய மீனுக்கு 5 சதவீதமும் குட்டி மீனுக்கு 15 சதவீதமும். குகைக்குள் செடி முளைக்காது. வவ்வால் எச்சமும் வெள்ளம் அடித்துவருவதும்தான் சோறு. அங்கே எரியாத விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்க முடியாது.

மிச்சம் பிடித்ததை அது வேறு இடத்தில் போட்டிருக்கிறது. எல்லா மீனுக்கும் உடம்பின் பக்கவாட்டில் நீரின் அசைவை உணரும் உறுப்புகள் உண்டு. குகை மீனுக்குத் தலையில் அவை கூடுதல், பெரிதும்கூட. அது நீந்தும்போது தன்னைச் சுற்றி எழும் நீரலை எதிரில் இருக்கும் பொருளில் பட்டு மாறுவதை உணர்கிறது. புதிய தொட்டியில் விட்டால் முதலில் சுவரை ஒட்டியே வேகமாகச் சுற்றும். வேகமாகப் போனால்தான் அதற்கு உருவம் தெரியும். இடம் பழகியதும் வேகம் குறையும். பிறகு நீங்கள் ஒரு கல்லை இடம் மாற்றிவைத்தாலும் கண்டுபிடித்துவிடும், மறுபடி அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும்.

இதைப் படித்தபோது ராத்திரி பதினோரு மணி. எழுந்து போய் பெஞ்சைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். தொட்டியை என் அறைக்கு மாற்றினேன்.

5

இனி எங்கள் ஊர்க் கதை. பேர் வைக்கப்படுவதில் செஞ்சிக்கு இருக்கிற அனுபவம் அந்த மீனுக்குக்கூட இருக்காது.

கோட்டையை ஆனந்தக் கோன் கட்டத் தொடங்கினான் என்பது ஊர் வழக்கு. ராஜகிரிக்கு அந்தக் காலத்தில் கமலகிரி என்றும் ஆனந்தகிரி என்றும் பேர். கிருஷ்ணகிரி இன்றும் எங்களுக்கு ராணிக் கோட்டைதான். நாயக்கர்கள் ஆண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது, பேர் பாதுஷாபாத் ஆயிற்று. 1677இல் சிவாஜி பிடித்தார், மராட்டியர் நாக்கில் அது சந்தி, சஞ்சி என்று உருண்டது. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்ள, ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் எட்டு வருட முற்றுகைக்குப் பின் 1698இல் பிடித்தார். அவருடைய பட்டமான நுஸ்ரத் ஜங்கை வைத்து ஊர் நுஸ்ரத்கட் ஆயிற்று. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் ஏறிப் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் பிடித்து 'ஜிஞ்சி' என்று எழுதி, கிழக்கின் டிராய் என்று அடைமொழியும் கொடுத்தார்கள்.

டிராய் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என் மீனின் பேரினப் பேரான அஸ்தியானாக்ஸ், டிராய் நகரத்து வீரன் ஹெக்டரின் கைக்குழந்தையின் பேர். அப்பன் அந்தக் குழந்தைக்கு வைத்த பேர் வேறு. தங்கள் நகரத்தைக் காக்கிறவனின் பிள்ளை என்பதால் ஊர் ஜனம் 'நகரத்துக்குத் தலைவன்' என்ற பொருளில் இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது என்று ஹோமர் சொல்கிறார். கடைசியில் அப்பன் வைத்தது மறந்து ஜனம் வைத்ததுதான் நின்றது.

எங்கள் ஊரிலும் அப்படி நின்ற பேர் ஒன்று உண்டு. முகலாயர் சார்பில் செஞ்சியை நிர்வகித்த சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங். பாக்கி வரியைக் கட்டச் சொன்ன ஆற்காடு நவாபை எதிர்த்து 1714இல் சண்டையில் செத்தான். வயது 22. ஆண்ட காலம் ஒரு வருடம்கூட இருக்காது. பேசும் மொழி வேறு, வந்த திசை வேறு. ஆனாலும் ஜனம் அவனை எடுத்து நாக்கில் வைத்து 'தேசிங்கு' ஆக்கிக்கொண்டது. அவன் கூட்டாளியான முஸ்லிம் வீரனையும் அவன் குதிரையையும் சேர்த்துப் பாட்டாக்கித் தெருத்தெருவாகப் பாடியது. செட்டிகுளத்துக் கரையில் அவனை எரித்த இடம் என்று இன்றும் காட்டுவார்கள். தேஜ் சிங் என்று கேட்டால் இங்கே யாருக்கும் தெரியாது.

2025 ஜூலையில் கடைசிப் பேர் வந்தது. யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகள் சேர்ந்தன. 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. எனக்குச் சந்தோஷம்தான். இனிமேல் ராஜகிரிப் படிக்கட்டில் குப்பை கொஞ்சம் குறையும், கல்யாண மஹால் சுவரில் காதலர் பேர் எழுதுபவர்களை ரெண்டு பேராவது அதட்டுவார்கள். ஆனால் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "இருபத்தோரு வருஷம் இருந்தவன் பேரு மொத்தத்துக்கும் ஆயிடுச்சா தம்பி?" வரலாறு படித்தவன் என்பதால் என்னைப் பார்த்துக் கேட்டார். பதில் இல்லாமல் டீயைக் குடித்தேன். கோட்டைக்குள் சக்கரகுளத்திலிருந்து கல்யாண மஹாலுக்கு மண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அந்தக் குழாயைச் சுட்ட குயவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

6

செஞ்சியில் கண்ணில்லா மீன் ஏன் இல்லை என்று ஒரு நாள் யோசித்தேன். பதில் கல்லில் இருக்கிறது. எங்கள் மலைகள் கருங்கல். 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய பாறை வெயிலிலும் மழையிலும் உரிந்து உருண்டைகளாகக் குவிந்துகிடக்கிறது. சிங்கவரத்திலும் திருநாதர்குன்றிலும் மனுஷன் உளி வைத்தான், சாமியும் தீர்த்தங்கரரும் வந்தார்கள். ஆனால் தண்ணீரால் கருங்கல்லைக் கரைத்துக் குகை ஆக்க முடியாது. சுண்ணாம்புக் கல் கரையும். செம்பூராங்கல்லோ பஞ்சுமாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், அதற்குள் தண்ணீர் ஓடும். கேரளம் அந்தக் கல்லின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

திருச்சூர் பக்கத்திலிருந்து வந்து என்னோடு படித்த நண்பன் ஒருவனிடம் போனில் என் மீன்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரித்தான். "எங்க ஊர்ல அது கெணத்து வாளில வரும்டா" என்றான்.

உண்மைதான். 1950இல் ஏ.ஜி.கே. மேனன், கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்த ஒரு கண்ணில்லாக் கெளுத்தி மீனை விவரித்துப் பேர் வைத்தார்: ஹோராக்ளானிஸ் கிருஷ்ணாய். 'ஹோரா' என்பது இந்திய மீனியலின் பெரியவர் சுந்தர் லால் ஹோராவுக்கு மரியாதை. சுண்டுவிரல் அளவுகூட வராத மீன் அது. தோலில் நிறமியே இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் தெரிந்து செக்கச்செவேலென்று இருக்கும். 2004இல் இன்னொரு இனம் கிடைத்தது. 2012இல் இரிஞ்ஞாலக்குடாவில் கிடைத்த இனத்துக்கு நம் அப்துல் கலாம் பேரை வைத்தார்கள். ராமேஸ்வரத்தில் பிறந்து வானத்தைப் பார்த்து வேலை செய்த மனுஷரின் பேர், வெளிச்சமே காணாத ஒரு நிலத்தடி மீனுக்கு.

அப்புறம் வரிசையாக வந்தன. 2019இல் கோழிக்கோட்டில் கிணற்றுத் தண்ணீரில் கிடைத்த நூல் போன்ற மீனுக்கு, பார்க்க மிக்சர் கடை ஓமப்பொடி மாதிரி இருப்பதால், 'புஜியா' என்று வைத்தார்கள். திருவல்லா பக்கம் கிணற்றில் கிடைத்த பாம்புத்தலை மீன் ஒன்றுக்கு, பாதாளத்துக்கு அழுத்தப்பட்ட மகாபலியின் பேர். 2022இல் செங்கன்னூரில் கிடைத்ததற்கு 'பாதாளா' என்றே பேர்.

2023இல் ஹோராக்ளானிஸில் நாலாவது இனம் அறிவிக்கப்பட்டது. இந்த மீன்களைத் தேடி ஆய்வாளர்கள் ஆறு வருடம் வேலை செய்தார்கள். நிலத்துக்கடியில் வலை போட முடியாது. அதனால் ஊர் ஜனங்களிடம் போய், கிணற்று வாளியிலோ மேல்தொட்டியிலோ குழாயிலோ சிவப்பாக ஏதாவது நெளிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவைத்தார்கள். குளிக்கப் போனவர்களும் பாத்திரம் கழுவியவர்களும் கிணற்றைத் தூர் வாரியவர்களும் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் புது இனத்துக்கு வைத்த பேர் 'பாப்புலி'. ஜனங்களுடையது என்று அர்த்தம். அதைப் படித்த அன்று கொரொனாடோவை நினைத்துக்கொண்டேன். மண் குழாய் சுட்டவர்களையும்.

இந்த மீனை யாரும் தொட்டியில் வளர்ப்பதற்கில்லை, ஆசைப்படவும் வேண்டாம். அதன் உலகம் நிலத்தடி நீர். செம்பூராங்கல்லை வெட்டி எடுத்தால் வீட்டுச் சுவர் எழும், அதன் வீடு போய்விடும். போர் போட்டு உறிஞ்சினால் நீர்மட்டம் இறங்கும். கிணற்றில் கொட்டும் பிளீச்சிங் பவுடர் நமக்குச் சுத்தம், அதற்கு விஷம். கடைசி மீன் செத்தால்கூட யார் கண்ணிலும் படாது. குளத்தில் மீன் செத்து மிதந்தால் ஊர் கூடும். பாறைக்கடியில் செத்தால் குழாயில் தண்ணீர் எப்போதும்போல வரும்.

7

என் மீன்களுக்குச் செஞ்சித் தண்ணீர் ஒத்துப்போனது. எங்கள் தெரு போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். அந்த உப்பும் கடினமும் சுண்ணாம்புக் குகையிலிருந்து வந்த வம்சத்துக்குப் பிடிக்கிறது. வளர்க்க நினைக்கிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை: கூர்மையான கல், பிளாஸ்டிக் செடி வேண்டாம். வழவழப்பான கூழாங்கல் போதும். மூடி கட்டாயம் வேண்டும். சாமான்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். சோறு கொஞ்சமாகப் போடுங்கள், பஞ்சத்தில் பழகிய உடம்பு, எவ்வளவு போட்டாலும் தின்னும். லேஸ் வாலோடு மெதுவாகப் போகிற மீன்களை அதோடு விடாதீர்கள், எதிரில் மோதியதைக் கடித்துப் பார்த்துத்தான் அது தெரிந்துகொள்ளும்.

சலித்துப்போனால் ஏரியிலோ கோட்டைக் குளத்திலோ கொண்டுபோய் விடவும் கூடாது. என் சித்தப்பா மகன் அதைத்தான் யோசனையாகச் சொன்னான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன்தான் இன்று நம் எல்லா ஏரிகளிலும் நிறைந்து, ஜிலேபி என்று நம் பேரையே வாங்கிக்கொண்டு, ஊர் மீனின் இடத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. இருட்டில் வளர்ந்தது வெளிச்சத்தில் பிழைக்காது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

ஒரு நாள் மத்தியானம் ஆயா என் அறைக்கு வந்தாள். மூடியைத் திறக்கச் சொல்லி, சுட்டுவிரலைத் தண்ணீரில் விட்டாள். ஆறு மீனும் வந்து விரலை மோதிப் பார்த்தன. "இன்னாடா, எறும்பு மாதிரி இடிக்குது" என்று சிரித்தாள்.

"ஆயா, நீ கேட்டியே, யாரு பேரு வெச்சதுன்னு. அமெரிக்காக்காரங்க. ஆனா அந்தப் பேரு இப்ப செல்லாதுன்னு எடுத்துட்டாங்க."

"கடையில?"

"கடையில அதான் போட்டிருக்கான்."

"ம்" என்றாள். விரலை எடுக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவரும் பையன்கள் எல்லோரும் வழி கேட்டு போன் செய்வார்கள். தெருவில் பலகை கிடையாது, கதவு எண் வரிசையாக இருக்காது. "பிள்ளையார் கோயில் பக்கத்துல வந்து, கண்ணு தெரியாத ஆயா வூடு எதுன்னு கேளுங்க, யாராவது சொல்வாங்க" என்று ஒன்பது வருடமாக நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயா அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் மீன் தொட்டிக்கு பில்டர் பஞ்சு வந்தது. பையன் போன் செய்தான். நான் ஆயாவின் பேரைச் சொல்லி, அந்தப் பேரில் விசாரிக்கச் சொன்னேன். வண்டி தெருவுக்குள் வந்தது, போனது, திரும்பி வந்தது. மறுபடி போன். "அண்ணா, ரெண்டு மூணு பேராண்ட கேட்டுட்டேன். அப்பிடி யாரும் இந்தத் தெருவுல இல்லன்றாங்க."

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் திண்ணையிலிருந்து ஆயா குரல் கொடுத்தாள்.

"தே, வண்டிக்காரத் தம்பி. மூணாவது வாட்டி சுத்தற. இங்கதான், வா. அது என் பேருதான்."